டெடாப்: தமிழில் என்ன சொல்வது?

பினாங்கில் செடி விற்பவரிடம் "முள்முருங்கை இருக்கிறதா?" என்று கேட்டால், முருங்கைக்கீரைக் கன்றை எடுத்து நீட்டக்கூடும். கேட்க வேண்டிய பெயர் டெடாப். மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் அது, ஜாவாவில் டாடாப்.

கிளையெங்கும் நுனி கறுத்த குட்டை முட்கள். ஒரு காம்புக்கு மூன்று இலை, நடு இலை மட்டும் கொஞ்சம் பெரிது. வறண்ட மாதங்களில் இலையெல்லாம் கொட்டி, மொட்டைக் கிளை நுனியில் பூ கொத்தாகச் சிவக்கும். தேன் குடிக்க மைனாக்கள் வந்து சத்தம் போடும்.

தாவரவியலில் எரித்ரினா வேரிகேட்டா. எரித்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சிவப்பு. வேரிகேட்டா என்பது பலநிறம் என்று பொருள்படும் லத்தீன் சொல். பச்சை இலையில் மஞ்சள் நரம்போடும் அலங்கார வகைக்கு அது அப்படியே பொருந்தும். சின்னத் தோட்டத்துக்கு அந்த வகையே அழகு.

தமிழில் இதற்குப் பெயர்கள் நிறைய. பழையது கவிர். சங்கப் புலவர்கள் சேவலின் கொண்டைக்கும் பெண்ணின் உதட்டுக்கும் கவிர்ப்பூவை உவமை சொன்னார்கள். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கொண்டை கண்ணுக்குத் தெரியும், அவ்வளவு துல்லியம்! முருக்கு இன்னொரு பெயர். மலையாளத்தில் இன்றும் முரிக்குதான். ஆனால் தமிழில் முருக்கு புரச மரத்தையும் குறிக்கும் என்பதால் குழப்பம் வரும். முள்முருங்கை என்று அழைத்தாலும் இது முருங்கைக்குச் சொந்தமில்லை, அவரைக் குடும்பத்து மரம். சளி பிடித்தால் இதன் இலையை ஊறவைத்த அரிசியோடு அரைத்து, மிளகு சேர்த்து அடை சுடுவார்கள். கல்யாணத்தில் அரசாணிக்காலில் அரசங்கிளையோடு இதன் கிளையையும் சேர்த்துக் கட்டும் வழக்கத்தால் கல்யாண முருங்கை ஆனது.

சிலர் ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'பவள மரம்' என்று எழுதுகிறார்கள். வேண்டாம். படிப்பவருக்குப் பவளமல்லிதான் நினைவுக்கு வரும். பேச்சுக்குக் கல்யாண முருங்கை போதும். கவிதைக்குக் கவிர் இருக்கிறது. இத்தனை அருமையான பெயர்கள் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

வளர்ப்பது சுலபம். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை நல்ல வெயில் படும் இடத்தில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கக் கூடாது. கோலாலம்பூரில் மழை அதிகமாக விடாமல் பெய்வதால் இலை தழைக்கும் அளவுக்குப் பூ வராது. ஜனவரி, பிப்ரவரியில் வறளும் பினாங்கு இதற்கு ஏற்ற ஊர். மரம் மென்மையானது, காற்றில் கிளை ஒடியும், அதனால் வீட்டுச் சுவரையும் காரையும் விட்டுத் தள்ளி நட்டு, அவ்வப்போது கழித்துவிட வேண்டும். விதை நச்சு, சிறுபிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள்.

அப்புறம், இலையும் காம்பும் கட்டி கட்டியாக வீங்கினால் அது ஒரு சிறு குளவியின் வேலை. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் மரங்களில் கண்டு 2004-இல் அதற்கு அறிவியல் பெயரிட்டார்கள். வீங்கிய கிளைகளை உடனே வெட்டி, பையில் இறுகக் கட்டி அகற்றிவிடுங்கள். அந்தக் கிளையை யாருக்கும் நடக் கொடுக்காதீர்கள்.