இறங்க இறங்கச் சுடும் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 29 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். பைன் மர நிழல், மெல்லிய காற்று, கையில் ஐஸ்கிரீம் என்று ஜனங்கள் உலாவிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இறங்கினால், கொலராடோ ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரை முகாம் வரும். ஜூலையில் அங்கே பிற்பகல் வெயில் சர்வசாதாரணமாக 41 டிகிரி. ஊர் ஒன்றுதான், உயரம்தான் வேறு.

விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முகாம் 760 மீட்டர் உயரத்தில். கீழே போகப் போக, மேலே அடுக்கிக் கிடக்கும் காற்றின் பாரம் கூடுகிறது. கீழிறங்கும் காற்றை அந்த அழுத்தம் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் பெரும்பாலும் இதனால்தான். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 9.8 டிகிரி ஏறும். 1,330 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 13 டிகிரி. மேலே சொன்ன வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான். ஜனவரியில் இதே கணக்கு நமக்குச் சாதகம்: விளிம்பில் பனி மூடிக் கிடக்க, முகாமில் பகலில் 13 டிகிரி வரை போகும்.

பாறையும் சும்மா இருப்பதில்லை. ஆற்றோரச் சுவர்கள் விஷ்ணு என்று பெயரிடப்பட்ட, சுமார் 170 கோடி ஆண்டு பழைய கரும்பாறைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி அந்தச் சூட்டை வெளியே விடும். திறந்தவெளிப் பாலைவனம் இரவில் சட்டென்று குளிர்ந்துவிடும்; இங்கே வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும் என்பதால் சூடு எளிதில் வெளியேறாது. கோடையில் இங்கே கூடாரத்துக்குள் படுப்பது வீண் வேலை. விஷயம் தெரிந்தவர்கள் துணியை ஓடையில் நனைத்துப் போர்த்திக்கொண்டு வெளியே படுப்பார்கள்.

நனைந்த துணிக்கு ஏன் இவ்வளவு மவுசு? நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசும் காற்று நம்மைக் குளிர்விக்காது; சூடேற்றும். அப்போது உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. சட்டை ஈரமாக இருந்தால் அந்த வேலையில் ஒரு பங்கை ஓடைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும், உடம்பின் தண்ணீர் மிச்சமாகும். குளிர் மலைகளில் பருத்திச் சட்டை ஆகவே ஆகாது என்பார்கள், ஈரம் காய நேரமெடுக்கும் என்பதால். இங்கே அந்தக் குறையேதான் நிறை.

இன்னொரு சங்கதி, வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது. ஊறிய வேகத்தில் காய்ந்து, சட்டையில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. பார்க்க வெப்பத்தால் வரும் சோர்வு மாதிரியே இருப்பதால், பக்கத்தில் இருப்பவர் இன்னும் தண்ணீரைப் புகட்டும் ஆபத்தும் உண்டு. உப்புப் போட்ட நொறுக்குத் தீனியை இந்தத் தேசியப் பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். பசியில்லை என்று சாப்பிடாமல் நடப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

மத்தியானம் முகாமில் செய்ய ஒரே உருப்படியான காரியம், பிரைட் ஏஞ்சல் ஓடையில் இடுப்பளவு உட்கார்ந்திருப்பது. நாலு எட்டு வைத்தால் பெரிய ஆறு இருக்கிறதே, அதில் குதித்தால் என்ன? கூடாது. ஆற்றின் மேல்போக்கில் கிளென் கேன்யன் அணை 1963 முதல் தண்ணீரைத் தேக்கி, ஏரியின் ஆழத்திலிருந்து திறந்துவிடுகிறது. வெயில் எட்டாத ஆழத்துத் தண்ணீர் என்பதால் வழக்கமாக 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏரி வற்றிய ஆண்டுகளில் கூடும். சூடேறிய உடம்பு அதில் விழுந்தால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே ஆளை அடித்துப்போகும் நீரோட்டம் வேறு.

இருட்டியபின் புற ஊதா டார்ச் எடுத்துக்கொண்டு தேள் பார்க்கக் கிளம்புவார்கள். பாறை இடுக்கில் வெளிச்சம் பட்டதும் வைக்கோல் நிறத் தேள் ஒன்று பளீரென்று நீலப்பச்சையாக ஒளிரும், கொடுக்கு நுனிவரை. மேல்தோட்டில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் புற ஊதாவை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிவிடுகின்றன. புதிதாகத் தோலுரித்த தேள் இப்படி ஒளிராது. தோடு இறுக இறுகத்தான் ஒளி வரும். இதனால் தேளுக்கு என்ன லாபம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முகாமில் இருப்பவர்களுக்கு லாபம் தெளிவு: செருப்பைப் போடும்முன் உதறிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

திரும்பி ஏறுவதுதான் நிஜமான வேலை. மலையில் கஷ்டம் முதலில் வரும். முடியாதவர் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே இறக்கம் சுகமாக ஏமாற்றிவிட்டு, 1,330 மீட்டர் ஏற்றத்தைக் கடைசியில் நீட்டும். இறங்கியதைப்போல் இரு மடங்கு நேரமாகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கோடையில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே, நெற்றி விளக்கோடு கிளம்பிவிட வேண்டும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெயிலில் ஏறவே கூடாது என்பது பூங்காவின் அறிவுரை. தாமதமாகிவிட்டால் நடுவழியில் ஹவசுபாய் கார்டன்ஸ் இருக்கிறது: மர நிழலும் ஓடையும் உண்டு. சட்டையை நனைத்துக்கொண்டு, உப்புக்கடலை கொறித்தபடி, வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.