உடும்பின் கூண்டில் காற்று ஏன் காய்கிறது?

ஈசூனில் வசிக்கும் வாசகர் ஒருவரின் அண்ணன், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உரிமம் பெற்று முள்வால் உடும்பு ஒன்றை வளர்த்து வருகிறார். கூண்டில் வெயிலுக்குப் பதிலாக எரியும் விளக்கின் அடியை விட்டு நகராத அந்த உடும்பின் முதுகில் தீக்காயம் கண்டிருக்கிறது; கால்விரல்களில் பழைய தோல் உரியாமல் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுடுகிறது என்றால் விலகிப் போகத் தெரியாதா என்று வாசகர் கேட்கிறார். சிங்கப்பூரில் உடும்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை என்றாலும், இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி நம் கால்வாய் ஓரங்களிலேயே கிடைக்கிறது.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலை வேளையில் கரையேறும் நீர் உடும்பைக் கவனித்திருப்பீர்கள். விலா எலும்புகளை விரித்து, உடலைத் தட்டையாக்கிக்கொண்டு அது கிடக்கும்போது, கழுத்திலிருந்து வாலடி வரை வெயில் ஒரே சீராக விழுகிறது. கூண்டிலுள்ள ஒற்றை விளக்கோ உள்ளங்கை அகலத்தை மட்டுமே சுடுகிறது. அந்த இடத்தில் தோல் வெந்துகொண்டிருக்க, உடலின் உட்பகுதி தனக்குத் தேவையான 35 முதல் 38 பாகை செல்சியஸை எட்டுவதே இல்லை. குளிர் தீராததால் விலங்கு அங்கேயே கிடக்கிறது. குறைந்த திறனுள்ள, ஒளி விரிந்து விழும் விளக்குகள் இரண்டு மூன்றை வரிசையாக அமைத்தால் உடல் முழுதும் விரைவில் சூடேறும், உடும்பும் தானே எழுந்து போய்விடும்.

தோல் உரியாமைக்குக் காரணம் காற்றின் தாகம். 30 பாகையிலுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 45 பாகையில் அதே அளவு காற்று 65 கிராம் வரை தாங்கும். 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் ஊர்க் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கிறது. ஒரு துளி நீரையும் வெளியேற்றாமல் அதை 45 பாகைக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் 37 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. சட்டை நனையும் அளவுக்குப் புழுங்கும் சிங்கப்பூர்க் காற்றுக்கே இந்த நிலை என்றால், பெர்த்தின் வறண்ட கோடைக்காற்றைச் சொல்லவே வேண்டாம். காய்ந்த காற்று, தனக்குப் போதாத நீரை எங்கிருந்து பெறலாம் என்று தேடுகிறது. கூண்டுக்குள் அதற்கு அருகில் கிடைப்பது உடும்பின் தோலும் மூச்சும்தான். மேல்மூடி கம்பிவலையாக இருந்தால் சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியேற, அறையின் உலர்ந்த காற்று ஓயாமல் உள்ளே நுழைகிறது. தண்ணீர் தெளிப்பது சில நிமிடங்களுக்குத்தான் பயன்படும்.

உடும்பு இதற்குக் கண்ட தீர்வு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. ஈர மண்ணில் தோண்டிய வளைக்குள் காற்று நகர்வதில்லை. சுவரிலிருந்து கசியும் ஈரத்தால் அது விரைவில் நீராவி நிறைந்துவிடுகிறது, நிறைந்த காற்று தோலிடம் எதையும் கேட்பதில்லை. பாறை மேல் 50 பாகையைத் தாண்டும் சூடு, ஓரடி ஆழத்தில் குளிர்ந்த ஈரம் என இரண்டும் சில எட்டுத் தொலைவில் இருப்பதே நல்ல கூண்டின் இலக்கணம் என்பேன். நம் நீர் உடும்புகளின் வளைகளில் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆண்டு முழுதும் அளக்கும் ஆய்வுக்கு நிதி ஒதுக்கினால் அது வீண்செலவாகாது.

ஆகவே அண்ணன் கம்பிவலையை நீக்கிப் பலகை மூடி போட்டு, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட வேண்டும். மணலும் களிமண்ணும் கலந்த மண்ணை 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல் உருவம் நிற்கும் பதம் இருந்தால்தான் வளை இடியாது. ஆனால் அத்தனை ஈர மண் சதுர மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். வீட்டு மாடித் தளங்களோ பொதுவாக 150 கிலோ அளவுக்கே கணக்கிடப்படுகின்றன. அவருடைய கூண்டு மாடியறையில் இருக்குமானால், முதலில் அதைக் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரைக்கு இறக்கிவிட்டு, அதன் பிறகே மண்ணைக் கொட்டட்டும்.