செல்லாத மருந்துக்கு இதய வால்வில் கிடைத்த வேலை

இதய வால்வில் பாக்டீரியா குடியேறிவிட்டால் அதைக் கிளப்புவது எளிதல்ல. இரத்தத் தட்டணுக்களும், இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழைகளும் கிருமிகளை மூடிக் கட்டியாகத் திரள்கின்றன. அந்தத் திரளின் ஒரு கிராமில் நூறு கோடிக் கிருமிகள்கூட இருக்கலாம். வெள்ளையணுக்கள் உள்ளே போய்ச் சேர்வதும் அரிது. எனவே கிருமியின் பெருக்கத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. மருந்தே அதைக் கொன்றாக வேண்டும்.

இப்படிக் குடியேறும் என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்ற கிருமியை ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அடக்கும். தனியாகக் கொல்வது கடினம். ஜென்டாமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்தால் கொல்லலாம். ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கிருமி அதற்கு உயர் எதிர்ப்பைப் பெற்றுவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

ஜென்டாமைசினுக்குப் பதிலாக ஆம்பிசிலினுடன் சேர்க்கப் பார்சிலோனா ஆய்வாளர்கள் கையிலெடுத்தது செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. இந்தக் கிருமியிடம் அது தனியாகச் செல்லாக்காசு! ஆனால் கிருமியின் செல் சுவரைக் கட்டும் நொதிகள் பல. சிலவற்றை ஆம்பிசிலின் முடக்க, மிச்சத்தைச் செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்து முடக்குகிறது.

சோதனைக் குழாயில் இது பலித்தால் போதாது; அங்கே வால்வும் இல்லை, கட்டியும் இல்லை. அதனால் முயலின் இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி வால்வைச் சிராய்த்து, பிறகு இரத்தத்தில் கிருமியை ஏற்றுகிறார்கள். முயலின் உடல் மருந்தை நம்மைவிட வேகமாக வெளியேற்றிவிடும். மனித இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும் விதத்தைப் பம்பு வைத்து அப்படியே உண்டாக்குகிறார்கள். என் பார்வையில் சோதனையின் உயிரே இந்தப் பம்புதான். இறுதியில் கட்டியை அரைத்து, நீர்க்கச் செய்து, தட்டில் வளரும் கிருமிக் கூட்டங்களை எண்ணுகிறார்கள். 1999இல் வெளியான முடிவில், இரு மருந்தும் சேர்ந்தபோது கிருமிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

2013இல், இந்தக் கிருமியால் வால்வு பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்ற 246 நோயாளிகளின் விவரங்கள் வெளியாயின. சிகிச்சையின்போது இறந்தோர் ஆம்பிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் சேர்ந்த புதிய இணையில் 22 சதவீதம், ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த இணையில் 21 சதவீதம். பக்கவிளைவால் சிகிச்சையை நிறுத்த நேர்ந்தவர்களோ முறையே 1 சதவீதமும் 25 சதவீதமும். பெரும்பாலும் சிறுநீரகப் பழுதே காரணம். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கவில்லை, மருத்துவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அது இந்த ஆய்வின் பலவீனம். ஆனால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தவர்கள் புதிய இணையைப் பெற்ற குழுவில்தான் அதிகம்; எனவே அந்தக் குழுவில் சிறுநீரகப் பழுது குறைந்ததற்கு, ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

இதன் உறவுக்காரக் கிருமியான என்டரோகாக்கஸ் ஃபேசியத்திடம் இந்த உத்தியை நம்ப முடியாது. அது பெரும்பாலும் ஆம்பிசிலினுக்கே பணிவதில்லை.