வாலை நம்பாதீங்க, தொண்டையைப் பாருங்க

ஏப்ரல் நடுவுல இங்கிலாந்தோட நார்ஃபோக் கடலோரத்துக்குப் போனீங்கன்னா, மாடு மேயுற ஈரப் புல்வெளியில முழங்கால் உயரத்துல ஒண்ணு சர்ருனு போகும், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு போறதுக்குள்ள வேலி தாண்டிடும். அதுதான் தகைவிலான். நம்மூர்ல பனிக்காலத்துல கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்திருக்குமே அதே இனம்தான், ஆனா நம்மகிட்ட வர்றதுங்க இமயமலைக்கும் அதுக்கு வடக்கயும் இருந்து வர்றதுங்க, இதுங்க தென்னாப்பிரிக்காவுல இருந்து முட்டையிட இங்க திரும்புறதுங்க.

புதுசா பாக்குறவங்க எல்லாரும் வால்ல கம்பி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு இறகைத்தான் தேடுவாங்க. நானும் ரெண்டு வருஷம் அப்படித் தேடித்தான் ஏமாந்தேன். ஜூலையில பறக்குற குஞ்சுகளுக்கு அந்தக் கம்பி குட்டையாத்தான் இருக்கும். அதனால தொண்டையைப் பாருங்க, செங்கல் சிவப்பு, அதுக்குக் கீழ நீலக்கருப்புல ஒரு பட்டை, அப்புறம் வெளிறின வயிறு. முதுகுல வாலுக்குச் சரியா மேல பளிச்சுனு வெள்ளை தெரிஞ்சா அது ஹவுஸ் மார்ட்டின்ங்கிற வேற பறவை, முதுகு பழுப்பா இருந்து மணல் பாறையில இருக்குற பொந்துக்குள்ள நுழைஞ்சா சாண்ட் மார்ட்டின். முழுக்கக் கருப்பா, அரிவாள் மாதிரி றெக்கையோட கத்திக்கிட்டே போனா உழவாரன், அது கம்பியில உக்காரவே உக்காராது, கால் அப்படி.

தாழப் பறக்குறதுக்குக் காரணம் சாப்பாடு. மாடு ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் புல்லுல இருந்து ஈ கிளம்பும், இது மாட்டு கால் பக்கத்துலயே வளைஞ்சு வாயை அகலத் திறந்து அப்படியே அள்ளிக்கும். ஹவுஸ் மார்ட்டின் இன்னும் மேல சின்னப் பூச்சிகளைப் பிடிக்கும், அதனால ரெண்டுக்கும் பெருசா சண்டை இல்ல. கடல் காத்து பலமா அடிக்கிற அன்னிக்கு வெட்டவெளியில நின்னு தேடாதீங்க, புதர்வேலிக்கு காத்து படாத பக்கம் போங்க, பூச்சியெல்லாம் அங்கதான் ஒதுங்கியிருக்கும், தகைவிலானும் அங்கயே மேலயும் கீழயும் ரோந்து போயிட்டிருக்கும்.

அந்த வால் கம்பி சும்மா அழகுக்கு இல்லைங்க. ஆணுக்குத்தான் அது ரொம்ப நீளம். டென்மார்க்ல சில ஆண்களோட வாலை வெட்டிக் குறைச்சும் சிலதுக்கு ஒட்டி நீட்டியும் பாத்த ஆராய்ச்சியை 1988ல வெளியிட்டாங்க, நீட்டினதுங்களுக்குச் சீக்கிரமே ஜோடி கிடைச்சிருக்கு.

கூடு மாட்டுத் தொழுவத்து உத்தரத்து மேல இருக்கும். சேத்தை வாயில உருண்டை உருண்டையா கொண்டு வந்து வைக்கோல் கலந்து அடுக்குது, ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் உருண்டை. மேல் பக்கம் திறந்த கிண்ணம் மாதிரி இருக்கும். கூரை விளிம்புக்கு வெளியில, ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு மூடின கூடுன்னா அது ஹவுஸ் மார்ட்டினோடது.

முன்னாடி இதுங்க குளிர்காலத்துல குளத்து சேத்துக்குள்ள தூங்குதுன்னே படிச்சவங்க கூட நம்பினாங்க. 1911 மே மாசம் ஸ்டாஃபர்ட்ஷயர்ல ஒரு வீட்டு வாசல்ல ஜான் மேஸ்ஃபீல்ட்ங்கிற வக்கீல் ஒரு தகைவிலானோட கால்ல அடையாள வளையம் மாட்டி விட்டார், 1912 டிசம்பர்ல அது தென்னாப்பிரிக்காவுல நாட்டால் பகுதிப் பண்ணை ஒண்ணுல கிடைச்சுது. இருபது கிராம் உடம்பு!

செப்டம்பர்ல கம்பியில கூட்டமா சேரும், அப்புறம் ஒரு காலையில பாத்தா ஒண்ணும் இருக்காது. நான் போற பண்ணைக்காரர் அதுக்கப்புறம்தான் தொழுவத்துக் கதவோட மேல்பாதியைச் சாத்துவார்.