முடிவுத்துணை முறைமை

தரவுகளைக் கணக்கிட்டு, முடிவெடுப்பவருக்கு உதவும் கணினிக் கருவியான ‘டெசிஷன் சப்போர்ட் சிஸ்டம்’ என்பதை நம்மில் பலர் ‘முடிவு ஆதரவு அமைப்பு’ என்று எழுதுகிறோம். சேர்த்துப் படித்தால், யாரோ எடுத்துவிட்ட முடிவுக்குக் கொடி பிடிக்கும் சங்கம்போல ஒலிக்கிறது.

இந்த ஆங்கிலத் தொடர் 1971இல் கோரி, ஸ்காட் மார்ட்டன் ஆகிய மேலாண்மை ஆய்வாளர் இருவர் எழுதிய கட்டுரையின்வழி பரவியது. வேளாண்மையில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1989இல் முதன்முதலாக வெளிவந்த டிஎஸ்எஸ்ஏடி என்னும் மென்பொருள். அன்றாட வெப்பநிலை, மழையளவு, கதிரவன் ஒளி, மண்ணின் தன்மை, இடும் உரம் ஆகியவற்றைக் கொடுத்தால், பயிரின் வளர்ச்சியை நாள்தோறும் கணக்கிட்டு, விதைப்பைப் பத்து நாள் தள்ளிப்போட்டால் விளைச்சல் எவ்வளவு மாறக்கூடும் என்று அது காட்டும். எந்த நாளில் விதைப்பது என்பது உழவர் பாடு.

‘டெசிஷன்’ என்பதன் இலத்தீன் வேருக்கு ‘வெட்டுதல்’ என்று பொருள். தமிழிலும் அப்படியே: ‘துணி’ என்னும் வினை வெட்டுப்படுதலையும் தீர்மானித்தலையும் ஒருங்கே குறிக்கும், கடையில் வெட்டிக் கொடுக்கும் துணியும் இதன் உறவே. 467ஆம் குறளின் ‘எண்ணித் துணிக’ இந்தப் பொருளைச் சார்ந்தது. ஆயினும் ‘துணிவு’ இன்று வீரத்தையே நினைவூட்டுவதால், கலைச்சொல்லுக்கு ‘முடிவு’ போதும்.

‘ஆதரவு’ ஒரு பக்கம் சாய்வது. ‘துணை’ உடன் வருவது. கருவி உடன் வருவதே என்பதால் ‘முடிவுத்துணை’ பொருந்தும். ‘சிஸ்டம்’ என்பதற்கு ‘அமைப்பு’ பொதுவாகப் பொருந்தினாலும், ‘சிங்கப்பூர் உணவு அமைப்பு’ என்று ஓர் அரசு நிறுவனத்தையே அழைக்கும் நம் ஊரில் அது குழப்பும், ‘முறைமை’ தெளிவானது.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இங்கு இச்சொல் கொள்கை வகுப்போருக்கும் வேண்டும். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதும், 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோதும், வேறு எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு, எத்தனை நாளில் வரவழைக்க முடியும் என்ற கணக்கே முதலில் தேவைப்பட்டது. அக்கணக்கை முன்வைப்பது முடிவுத்துணை முறைமை. கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா ஆகியவற்றின் விளைச்சலையும் இருப்பையும் கண்காணிக்க ஜி20 நாடுகள் 2011இல் தொடங்கிய ஏற்பாட்டை, அதேபோல், ‘வேளாண் சந்தைத் தகவல் முறைமை’ எனலாம். எழுதும்போது ‘முடிவுத்துணை’யில் ‘த்’ விடுபடலாகாது. விடுபட்டால் முடிவும் துணையும் தனித்தனியே நிற்கும்.