கணவாய்க்கு ஒன்றரை நிமிடம்

திருகோணமலையில் வெயில் தாழ்ந்ததும் கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு மீன் கடைக்குப் போவது என் வழக்கம். கடை என்றால் நான்கு கம்பம், தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், ஓரமாக இரண்டு காஸ் அடுப்பு, அவ்வளவுதான். நீள மேசையில் ஐஸ் பரப்பி அன்றைக்கு வந்ததையெல்லாம் போட்டிருப்பார்கள். விளைமீன், பாரை, சூரை, இறால், கணவாய். நண்டு மட்டும் ஐஸில் கிடக்காது. கால் கட்டிய படி ஈரச் சாக்குக்குள் உயிரோடு இருக்கும். நாம் விரலால் காட்டினால் கடைக்கார அண்ணை தராசில் போட்டுவிட்டு, "பொரிக்கவோ, சுடவோ, டெவில் போடவோ?" என்று கேட்பார். ஐந்து, பத்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் ஒரு சின்னக் கேள்வி வந்தது. கடல் நீரில் லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலேயே பிறந்து வளர்ந்த இறால் ஏன் உப்புக் கரிக்காமல் இனிக்கிறது?

உப்பு நீர் எந்த உயிரணுவிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட தேசிக்காய் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கடலில் சுருங்காமல் இருக்க வேண்டுமென்றால் உயிரணுவுக்குள்ளும் வெளியே உள்ள அளவுக்கு ஏதாவது கரைந்திருக்க வேண்டும். உப்பையே உள்ளே நிரப்பினால் புரதங்கள் கெட்டுப்போகும். அதனால் இறாலும் நண்டும் கணவாயும் உயிரணுக்களைப் புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களால் நிரப்பி வைத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது கிளைசின், நாக்கில் பட்டால் இனிக்கும் பொருள். நாம் இறாலில் ருசிப்பது, கடலின் உப்பைச் சமாளிக்க அது சேர்த்து வைத்த சரக்கைத்தான். உப்புக் குறைந்த நீரில் வளர்ந்த இறாலில் இந்தச் சரக்கும் குறையும். களப்பு இறாலைவிடக் கடல் இறால் ருசி என்று அடித்துச் சொல்கிறவர்கள் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

மீன்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. அவை உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகின்றன. கூடவே உடம்பில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருளை வைத்திருக்கின்றன. பெயர்தான் நீளம், பொருளுக்கு வாசமே கிடையாது. ஆழத்துக்குப் போகப்போக நீரின் அழுத்தம் புரதங்களை நசுக்கிக் கெடுக்காமல் காப்பதும் இதுதான். ஆழ்கடல் மீன்களில் இது கூடுதலாக இருக்கிறது. நம் துறைமுக வாசலிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழத்துக்கு இறங்குவதால் எனக்கு இந்த விஷயத்தில் தனி ஆசை.

மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் இந்த ஆக்சைடிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். சந்தையில் மூக்கைப் பொத்த வைக்கும் வாடை அதுதான். அப்போதுதான் பிடித்த மீனில் அது கிட்டத்தட்ட இருக்காது. முகர்ந்து பார்த்தால் வெட்டிய வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பச்சை வாசம் வரும். நம்பாவிட்டால் அண்ணையிடம் கேட்டு ஒரு பாரையின் செவுளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அவர் கோபிக்க மாட்டார். வாங்காமல் போனால் கோபிக்கலாம்.

தேசிக்காய் இங்கேதான் வேலைக்கு வருகிறது. டிரைமெத்தில் அமீன் ஒரு காரம், மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான வகைப் பொருள். புளிப்பு பட்டதும் அது உப்பாக மாறிவிடும், உப்பு காற்றில் ஏறாது. காற்றில் ஏறாதது மூக்குக்கும் எட்டாது. குழம்புக்கு விடும் பழப்புளியும் இதே வேலையைச் செய்கிறது. கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவில் இந்த அமீன் தொல்லை பெரிதாக இல்லை. அதில் வரும் சேற்று வாடைக்குக் காரணம் நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். அதையும் புளிப்பு உடைத்துவிடும். நம் அம்மாமார் எந்த மீனுக்கும் புளியை விட்டதில் தப்பில்லை.

சுறா இன்னும் ஒரு படி மேலே போய், யூரியாவையே உடம்பில் தேக்கி வைத்துக் கடல் உப்புக்கு ஈடு கொடுக்கிறது. செத்த பிறகு அந்த யூரியா அமோனியாவாகும். சுறா வறைக்கு மீனை முதலில் அவித்து, முள்ளும் தோலும் எடுத்து, கையால் இறுக்கிப் பிழிவார்கள் அல்லவா? யூரியா தண்ணீரில் கரையும். அந்தப் பிழிந்த தண்ணீரோடு அது போய்விடும்.

சரி, ஐஸுக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அந்தத் தண்ணீரை அப்புறம் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரைக்கும் சூடாக்கப் போதும். அவ்வளவு வெப்பத்தையும் மீனிடமிருந்தும் காற்றிடமிருந்தும் வாங்கிக்கொண்டு, முழுதாக உருகும் வரை அது பூச்சியத்திலேயே நிற்கும். உருகும் தண்ணீர் மீனைச் சுற்றி வழிந்து, குளிர்காற்றை விடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். மீன் அடுக்கும் ரெஜிபோம் பெட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் மட்டும் சிக்கல். மீன் தன் அழுக்குத் தண்ணீரிலேயே ஊறும்.

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. குளிர் நாட்டுக் கடல் மீனில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் குளிருக்குப் பழகியவை, ஐஸில் போட்டாலும் மெதுவாக வேலையைத் தொடரும். நம் கடல் 28, 29 பாகையில் இருப்பது. இங்குள்ளவற்றுக்கு ஐஸ் பெரிய அதிர்ச்சி. அதனால் நம் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் ஐஸ் போடாமல் விட்டால் அதே சூடு நமக்கு எதிராகத் திரும்பும்.

சூரையில் இது விளையாட்டல்ல. அதன் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக, ஒவ்வாமை மாதிரியே உடம்பைப் படுத்தும் பொருளாக, மாற்றிவிடும். ஒருமுறை ஒரு விசேஷ வீட்டில் சூரைக் குழம்பு சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் முகமும் கழுத்தும் மிளகாய் பூசினது போலச் சிவந்து, நெஞ்சு படபடத்தது. எல்லாரும் "உமக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறு வாரமே நல்ல சூரை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பிழை மீன் கிடந்த இடத்தில். ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது என்பதுதான் கொடுமை. நண்டை உயிரோடு வைத்திருப்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. அது செத்ததும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் கசிந்து சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கும். செத்து நேரமான நண்டை உடைத்தால் உள்ளே கூழாக இருப்பது அதனால்தான்.

இனி அடுப்பு. ஆட்டிறைச்சி ஒரு மணி நேரம் கேட்கும்போது மீனுக்கு ஐந்து நிமிடம் போதுகிறது. ஆடு தன் எடையைக் காலில் சுமக்கிறது, அதன் தசையைக் கட்டி வைக்க வலுவான கொலாஜன் நார் வேண்டும். மீனைத் தண்ணீரே தாங்குகிறது. மெல்லிய கொலாஜன் போதும். அது 50, 55 பாகையிலேயே இளகிவிடும். அவிந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அந்த நார் கரைந்த இடங்களில்தான்.

இறால் சிவப்பதும் இதே சூட்டில் நடக்கிறது. சிவப்பு நிறம் புதிதாக வருவதில்லை. பாசிகள் வழியாக உணவில் வந்த அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறப்பொருள் ஓட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து முறுக்கி நீலமாகவும் சாம்பலாகவும் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைந்து பிடியை விட, நிறம் தன் உண்மையான முகத்தைக் காட்டும்.

கணவாய் மட்டும் ஒழுங்குக்கு அடங்காது. அதன் தசை நார்கள் மிக மெல்லியவை, கொலாஜனோ மீனைவிட வலுவானது. கொஞ்சம் சூடு பட்டால் மெத்தென்று இருக்கும். அதற்கு மேல் போனால் கொலாஜன் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளி, ரப்பராக்கிவிடும். அப்புறம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கொதித்தால்தான் அது கரைந்து கணவாய் மறுபடி மெத்தென்றாகும். இடைப்பட்ட நேரம் முழுக்க நட்டம். அண்ணை தாச்சியைப் புகை வரும் வரை காய விடுவார். கணவாய் வளையங்களைத் துணியால் துடைத்துவிட்டுப் போடுவார், ஈரம் இருந்தால் தாச்சியின் சூடு ஆவிக்கே போய்விடும். வெங்காயம், கறிமிளகாய், செத்தல் மிளகாய்த் தூள் எல்லாம் முன்னமே வதக்கித் தயாராக இருக்கும். இரண்டு முறை புரட்டுவார், வளையங்கள் வெள்ளையாகிச் சுருண்டதும் இறக்கிவிடுவார். கைபேசியில் பார்த்தேன், ஒன்றரை நிமிடம்.

"போன் பிறகு பாக்கலாம் தம்பி, ஆற முதல் சாப்பிடுங்கோ" என்றார்.

சாப்பிட்டு எழுந்தால் குழாயடியில் சவர்க்காரம் இல்லை. ஒரு கிண்ணம் நிறைய, மேசையில் பிழிந்து முடித்த தேசிக்காய்த் தோல்கள். ஒன்றை எடுத்து விரல்களில் தேய்த்துக் கழுவினேன், வாடை போய்விட்டது.