ஆபரேஷனுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்

பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை, அதாவது பாலின மாற்று ஆபரேஷன் என்றதும் நம்ம கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் பணத்தையும் தேதியையும் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். முதலில் முடிக்க வேண்டியது கலெக்டர் தரும் திருநர் சான்றிதழ் வேலைங்க (திருநர் என்றால் திருநங்கை, திருநம்பி எல்லோரும்தான்). ஆபரேஷன் முடிந்த உடம்போடு கலெக்டர் ஆபீசில் வரிசையில் நிற்கவும் முடியாது, பெஞ்சில் உட்காரவும் முடியாது.

2019 திருநர் உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, இந்த அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் மனநல ஆலோசனை, செலவுக்குக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அரசு வழி செய்ய வேண்டும். 2022இல் ஒப்பந்தமான மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் (TG Plus) காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்றார்கள், அதுவும் தேசிய திருநர் இணையதளம் வழியாக வாங்கிய சான்றிதழ் உள்ளவர்களுக்கு. அறிவிப்பு வேறு, வார்டு வேறு. அதனால் முதலமைச்சர் காப்பீடா, இதுவா, எது அங்கே செல்லும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுண்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை இரண்டிலும் திருநர் கிளினிக் தொடங்கியிருக்கிறார்கள்.

சட்டத்தின் 7ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் வேண்டுமென்றால், திருநர் என்ற முதல் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். கூடவே மருத்துவக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அதிகாரியோ தரும் சான்றும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் கேட்டு வாங்கி, பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். 2020 விதிகளில் முதல் சான்றிதழுக்கு 30 நாள், திருத்தியதற்கு 15 நாள் என்று கெடு வைத்தார்கள். ஆனால் ஒருவரின் பாலினத்தை ஏற்க ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது, உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, உடம்பு. மனநல மருத்துவரின் கடிதம் முன்பே வேண்டும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன், முடிந்தால் நாற்பது நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது திருநங்கைகளின் பழைய வழக்கம். சடங்குகளை எப்படியோ வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாற்பது நாள் ஓய்வை மட்டும் குறைக்காதீர்கள். கனம் தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கினால் தையலுக்கு ஆகாது. பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள் லீவைத் தாராளமாகவே சொல்லி வையுங்கள். யோனி அமைத்திருந்தால் டைலேட்டரை (வழியை விரித்து வைக்கும் கருவி) டாக்டர் சொன்ன கணக்கில் விடாமல் வைக்க வேண்டும், விட்டால் வழி சுருங்கிவிடும். மார்பு ஆபரேஷன் செய்த திருநம்பிகள் (பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்கிறவர்கள்) சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. சென்னையிலிருந்து ரயிலில் திரும்புவதாக இருந்தால் லோயர் பெர்த் போடுங்கள்.

காய்ச்சல், நிற்காத ரத்தம், நாற்றமடிக்கும் கசிவு, சிறுநீர் அடைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஊருக்கே போகணும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு.